கண்டக்டர் இல்லாத ஊர்

ஞாயிற்றுக்கிழமை காலை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கண்டக்டர் மனைவியிடம் சொன்னான்.

"இன்னைக்கு உன்கூட அந்தக் கூட்டத்துக்கு வரேன். நீ கேட்டதுக்காக வரேன். அதுக்கப்புறம் என்னைப் போக விட்டுடணும்."

தலை துவட்டிக்கொண்டிருந்தவள் துண்டைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். எங்கே என்று அவள் கேட்கவில்லை. பத்து நாளாக அந்த இரண்டு அறை வீட்டில் அந்த ஒரு விஷயம்தான் சாப்பிடும்போதும் பாத்திரம் கழுவும்போதும் கூடவே இருந்தது. இன்றுதான் அவன் அதை வாய்விட்டுச் சொன்னான்.

விஷயம் இதுதான். மனைவி நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து முதலில் அவள் வந்தாள். அவன் டிப்போவில் சம்பளமில்லாத விடுப்பு ஒரு வருடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, விசாவுக்கு நாலு மாதம் காத்திருந்து, பின்னால் வந்தான். அந்த வருடம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. முப்பதாம் தேதிக்குள் வேலையில் சேர வேண்டும், இல்லையென்றால் ராஜினாமாக் கடிதம் அனுப்ப வேண்டும் என்று கிளை மேலாளர் எழுதிவிட்டார். இன்று தேதி பதினெட்டு. அவன் புதன்கிழமை விமானத்தில் ஓர் இடம் சொல்லி வைத்திருந்தான். செவ்வாய் மாலைக்குள் உறுதி செய்தால் போதும். அவளுடைய ஒப்பந்தமோ இன்னும் மூன்று வருடம் இருந்தது. அவன் போனால் மூன்று வருடம் அவள் ஒரு கண்டத்தில், அவன் ஒரு கண்டத்தில்.

"சரி," என்றாள் மனைவி. "ஆனா வந்து மூலையில போய் உக்காந்துக்கக் கூடாது. நாலு பேர்கிட்ட பேசணும்."

"நாலு பேரா. வரிசையா எண்ணிட்டு வந்து கணக்கு சொல்றேன்."

கிண்டலாகச் சொன்னாலும் அந்தப் பேச்சு அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. நாலு பேரிடம் பேசு என்று யாராவது அவனுக்குச் சொல்ல வேண்டிய காலம் வரும் என்று டிப்போவில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். பதினோரு வருடம் இருபத்தேழாம் நம்பர் வண்டியில், ஒரே தடத்தில், முப்பத்தொரு ஸ்டாப் வழியாகப் போய் வந்தவன். அவன் விசிலுக்குத் தனிச் சத்தம் உண்டு. முதல் ஊதல் நீளம், இரண்டாவது வெட்டினாற்போல் குட்டை. பூக்கடைக்காரர் அதைக் கேட்டுத்தான் கடையைத் திறப்பார். யார் பெயரும் அவனுக்குத் தெரியாது, ஆனால் எல்லோரையும் தெரியும். மண்டி ஸ்டாப் அம்மா, கோர்ட் ஸ்டாப் கண்ணாடிக்காரர் என்று யார் ஒரு வாரம் வராவிட்டாலும் "என்னண்ணே, உடம்பு சரியில்லையா" என்று கேட்டுவிடுவான். குடும்பத்தில் அரசாங்கச் சீருடை போட்ட முதல் ஆள் அவன். விண்ணப்பப் படிவம் வாங்க அவனுடைய அக்கா வெயிலில் ஆறு மணி நேரம் வரிசையில் நின்றாள். வேலைக்குச் சேர்ந்த அன்று, காலர் மடங்கியிருக்கிறதா என்று மூன்று முறை பார்த்து அனுப்பினாள்.

இந்த ஊரில் அவனுக்குக் கிடைத்தது ஆஸ்பத்திரி லாண்டரி வேலை. காலை ஐந்திலிருந்து பதினொன்று வரை. அறை அளவு பெரிய இயந்திரங்கள் இரைந்துகொண்டேயிருக்கும். சூடாக வந்து விழும் படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிக்க வேண்டும். எதிரே நிற்பவர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பார். ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்கு வாய் கொடுத்தவன் இங்கே ஒரு நாளைக்கு ஆறு வார்த்தை பேசினான். அதில் நான்கு 'நன்றி'.

பதினோரு மணிக்கு மேல் ஆளில்லாத வீட்டுக்குப் போகப் பிடிக்காது. மனைவியின் வேலையால் கிடைத்த மாத பாஸ் இருந்தது. கண்ணில் படும் பஸ்ஸில் ஏறிக் கடைசி ஸ்டாப்வரை போவான். பின்னாலிருந்து இரண்டாவது வரிசையில் உட்காருவான். அங்கிருந்து பார்த்தால் வண்டி முழுக்கத் தெரியும். இங்கே பஸ்ஸில் டிரைவர் மட்டும்தான். ஏறுகிறவர்கள் ஓர் அட்டையை இயந்திரத்தில் ஒட்டிக் காட்டிவிட்டு, நடுக்கதவருகே நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். பின்பக்கம் காலியாகக் கிடக்கும். யாரும் நகரச் சொல்வதில்லை. யாரும் நகர்வதுமில்லை. அந்த வார்த்தை அவனுக்குத் தொண்டை வரை வந்து நின்றுவிடும்.

ஒவ்வொரு ஞாயிறும் அக்கா போனில் கூப்பிடுவாள். அவளுக்கு எதையும் வரிசை தவறாமல் சொல்ல வேண்டும். எந்த நம்பர், எத்தனை ஸ்டாப், எந்தப் பக்கம் உட்கார்ந்தாய் என்று கேட்டுக்கொண்டே வருவாள். எட்டு மாதத்தில் யாரிடம் பேசினாய் என்று ஒரே ஒருமுறைதான் கேட்டாள். அவன் பதில் சொல்லாததால் பிறகு அந்தக் கேள்வியை விட்டுவிட்டாள்.

கூட்டம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளப் பொது அறையில். தமிழ் பேசும் குடும்பங்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஆளுக்கொரு பாத்திரம் சமைத்து எடுத்துக்கொண்டு அங்கே கூடுவார்கள். முன்னறையில் மடக்கு நாற்காலிகள், உள்ளறையில் சுவரோரமாகச் சாப்பாட்டு மேசை, இரண்டுக்கும் நடுவில் ஓர் ஒற்றைக் கதவு. உள்ளே நுழையும்போதே கண்டக்டர் தலைகளை எண்ணிவிட்டான். நாற்பத்து மூன்று. எண்ணினோம் என்பதே பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

மனைவியோடு வேலை பார்க்கும் சீனியர் நர்ஸ்தான் கூட்டத்தை நடத்துகிறவள். வாசலிலேயே மடக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க சார், வாங்க. இத்தனை மாசமா கண்ணுலயே காட்டாம ஒளிச்சு வெச்சிருந்தா உங்க வீட்டம்மா." அப்படியே பக்கத்தில் நின்றவர்களிடம் திரும்பி, "இவர் யாரு தெரியுமா, ஊர்ல டிரான்ஸ்போர்ட்ல பெரிய ஆபீசர்," என்றாள்.

அவன் மனைவியைப் பார்த்தான். மனைவி தன் கையிலிருந்த பாத்திரத்து மூடியைப் பார்த்தாள்.

அப்போதே இல்லை என்று சொல்லியிருக்கலாம்.  அதற்குள் இன்ஜினியர் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்துவிட்டார்.

"எந்த செக்‌ஷன் சார், லைசென்ஸா?"

"இல்ல சார். வண்டி ஓடுற பக்கம்."

"ஓ, ஆபரேஷன்ஸ். உங்க கன்ட்ரோல்ல எத்தனை வண்டி சார் இருக்கும்?"

"ஒரு நேரத்துல ஒண்ணுதான்."

இன்ஜினியர் தொடையில் தட்டிச் சிரித்தார். "பெரிய ஆளுங்களே இப்படித்தான். என்ன தன்னடக்கம் பாருங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நல்லவேளை வந்தீங்க. என் மச்சானோட லாரி ஒண்ணைப் புடிச்சு செக்போஸ்ட்ல நிறுத்தி வெச்சிருக்கான். பேப்பர் எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்க ஒரு போன் போட்டா விட்டுடுவான்."

"பாக்கலாம் சார்," என்று எழுந்தான். தண்ணீர் குடிக்கப் போகிறவன்போல நகர்ந்து, கடைசியில் அந்த நடுக்கதவின் நிலையில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான். இந்த ஊரில் எட்டு மாதமாக அவனோடு யாரும் பேசவில்லை. இன்று பேசினார்கள், ஆனால் வேறு யாரோ ஓர் ஆபீசரோடு. மனம் விட்டுப்போயிற்று. வீட்டுக்குப் போனதும் விமானத்தை உறுதி செய்துவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டான்.

சாப்பாட்டு நேரம் வந்தது. தட்டு வாங்கினவர்கள் கதவிலேயே நின்று பேச ஆரம்பித்தார்கள். வாங்காதவர்கள் அவர்களுக்குப் பின்னால் முட்டினார்கள். உள்ளறையில் பாதி இடம் காலி, கதவில் மட்டும் எள் போட்டால் எள் விழாத கூட்டம். சீனியர் நர்ஸ் ஆவி பறக்கும் சாதப் பாத்திரத்தை இரண்டு துணிகளால் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் வழி விடுங்க, சூடா இருக்கு, ப்ளீஸ்," என்று நாலைந்து முறை சொல்லிப் பார்த்தாள். ஒருவர் காதிலும் விழவில்லை. துணி நழுவ ஆரம்பித்தது.

கண்டக்டரின் கை தானாக உயர்ந்து கதவு நிலையில் இரண்டு தட்டுத் தட்டியது.

"உள்ள போங்க, உள்ள போங்க, வாசல்ல நிக்காதீங்க. நடுவுல எடம் கெடக்கு. அம்மா, பையைத் தோள்லேர்ந்து எறக்கிக் கையில புடிங்க. சிவப்புச் சட்டை சார், தட்டு வாங்கியாச்சில்ல, அப்படியே முன்னால நகர்ந்துக்கிட்டே இருங்க. பாத்திரம் வருது, பாத்திரத்துக்கு வழி. ரைட், போலாம்."

நாற்பத்து மூன்று பேரும் நகர்ந்தார்கள். ஒருவர்கூட யோசிக்கவில்லை. சிவப்புச் சட்டை இன்ஜினியர் சுவர்வரை போய் நின்ற பிறகுதான் ஏன் நகர்ந்தோம் என்று திரும்பிப் பார்த்தார். சாதம் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. 

கூட்டத்தோடு நகர்ந்து ஜன்னலோரம் போயிருந்த ஓர் அம்மா அவனிடம் வந்தார். இன்ஜினியரின் தாயார், ஓய்வுபெற்ற டீச்சர். அவனை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"தம்பி, நீ கண்டக்டர்தானே?"

அவன் மனைவியைத் தேடவில்லை. "ஆமாம்மா," என்றான். "பதினோரு வருஷம். இருபத்தேழாம் நம்பர்."

"நான் முப்பது வருஷம் பஸ்ல ஸ்கூலுக்குப் போனவ. எந்த ஆபீசர் சொல்லியும் என் கால் நகர்ந்ததில்ல. இப்ப என்னைக் கேக்காமலே ரெண்டடி போயிடுச்சு."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு அறை முழுவதும் பற்றிக்கொண்டது. இன்ஜினியர் மட்டும் குழப்பம் தீராமல், "ஆபீசர்னு சொன்னாங்களே," என்றார்.

மனைவி முன்னால் வந்தாள். முகம் சிவந்திருந்தாலும் குரல் தெளிவாக இருந்தது. "நான் டிரான்ஸ்போர்ட்னு மட்டும்தான் சொன்னேன். ஆபீசர் ஆக்கினது இந்த அக்காதான்," என்று சீனியர் நர்ஸைக் காட்டினாள்.

"டிரான்ஸ்போர்ட்னு மொட்டையா சொன்னா நான் என்னத்தை நெனைக்கிறது?" என்றாள் சீனியர் நர்ஸ். "பரீட்சை இல்லாம ப்ரமோஷன் குடுத்தேன். வேணாம்னா திருப்பிக் குடுத்துடுங்க."

"அப்போ என் மச்சான் லாரி?"

"ஓடுற வண்டியை நிறுத்தவும், நின்ன வண்டியைக் கெளப்பவும் தெரியும் சார். புடிச்சு வெச்ச வண்டி நம்ம கையில இல்ல."

இன்ஜினியரும் சிரித்துவிட்டார். கூட்டம் தட்டோடு கலைந்தபோது மனைவி அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கண்டக்டர்னு சொல்ல எனக்கு வெக்கமில்லங்க. சொன்னா, இங்கதான் கண்டக்டரே கிடையாதே, இப்ப என்ன பண்றார்னு அடுத்த கேள்வி வரும். அதுக்குத்தான் பயந்தேன்."

"அந்தக் கேள்வி எனக்கே வருதே," என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை.

டீச்சரம்மா தட்டை எடுத்துக்கொண்டு நேராக அவனிடம் வந்தார். "உக்காரு தம்பி. ஒண்ணு கேக்கணும். இந்த ஊர் பஸ் உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. எட்டு மாசமா அதுலதான் குடியிருக்கேன்."

"என் வீட்டு ஜன்னல்லேர்ந்து பாத்தா பஸ் போகும். ரெண்டு வருஷமா பாக்கறேன். எது எங்க போகுதுன்னு எம் புள்ளைக்கே தெரியாது. அவனுக்கு கார்தான் உலகம்."

"வீடு எங்கம்மா?"

"பெரிய தண்ணித் தொட்டிகிட்ட."

"தொட்டிக்கு முந்தின ஸ்டாப்பா, அடுத்த ஸ்டாப்பா? பச்சைக் கதவு மருந்துக்கடை எதிர்லயா?"

டீச்சரம்மா சாப்பிடுவதை நிறுத்தினார். "மருந்துக்கடை எதிர்லதான்."

"அங்க மூணு வண்டி நிக்கும். எட்டு, பதினாறு, நாப்பது. நீங்க எங்க போகணும்?"

 எதிர் மூலையில் ஒரு நாற்காலியைக் கண்ணால் காட்டினார். அங்கே சீனியர் நர்ஸின் தாயார் உட்கார்ந்திருந்தார்.

"அவங்களும் நானும் தினமும் போன்ல பேசறோம். காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். அவங்க புள்ளைங்க வேலைக்குப் போனா அவங்க தனி, என் புள்ள போனா நான் தனி. ஆனா வீடு ஊருக்கு அந்தக் கோடியில. நேர்ல பாக்கணும்னா இந்தக் கூட்டம்தான். ஸ்டேடியத்துக்குப் பின்னாடின்னு சொல்றாங்க. அதுக்கு எத்தனை பஸ் மாறணும், என்னவோ."

"மாறவே வேண்டாம்மா," என்றான் கண்டக்டர். "எட்டாம் நம்பர். உங்க வாசல்ல ஏறினா அவங்க தெருமுனையில எறங்கலாம். இருபத்து மூணு ஸ்டாப். நாப்பத்தஞ்சு நிமிஷம்."

"ஒரே பஸ்ஸா?"

"ஒரே பஸ்."

ரசத்தில் நனைந்த விரல்களை அப்படியே வைத்துக்கொண்டு அவர் சற்று நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக ஜன்னலுக்கு எதிரே போய் வந்துகொண்டிருந்த பஸ் அது. பிறகு எதிர் மூலையைப் பார்த்துக் கூப்பிட்டார், வகுப்பில் கடைசி பெஞ்சைக் கூப்பிடுகிற குரலில். "இங்க வாங்களேன். இந்தத் தம்பி என்ன சொல்றான்னு கேளுங்க."

அந்த அம்மா வந்தார். அவருக்குப் பின்னால், மருமகன் வீட்டில் வந்து தங்கியிருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரும் வந்தார். லைப்ரரிக்கு எது போகும் என்று கேட்டார். இன்ஜினியர் காதில் விழும் தூரத்தில்தான் நின்றிருந்தார்.

"ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேன்ல?"

"சொன்னா ஞாயித்துக்கிழமைம்பே. ஞாயித்துக்கிழமை வந்தா அலுப்பா இருக்கும்பே. உன்னைக் குத்தம் சொல்லலைடா. பஸ் கார்டு ஒண்ணு வாங்கிக் குடு, போதும்." பிறகு கண்டக்டரிடம், "தம்பி, முதல் தடவை மட்டும் நீ கூட வரணும். செவ்வாய்க்கிழமை உனக்குத் தோதுப்படுமா?" என்றார்.

செவ்வாய்க்கிழமை மாலைக்குள் அவன் விமானத்தை உறுதி செய்ய வேண்டும். மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினொன்றரைக்கு மருந்துக்கடை ஸ்டாப்ல நிக்கறேம்மா," என்றான்.

செவ்வாய்க்கிழமை லாண்டரியிலிருந்து நேராகப் போனான். இருபது நிமிடம் முன்னதாகவே டீச்சரம்மா அங்கே இருந்தார். கையில் குடை, தண்ணீர்ப் பாட்டில், ஒரு டப்பா. பக்கத்தில் தபால்காரர், போகிற வழியில் லைப்ரரியில் இறங்கிக்கொள்வதாகச் சொன்னார். எட்டாம் நம்பர் வந்தது. டீச்சரம்மா அட்டையை இயந்திரத்தில் தட்டித் தட்டிப் பார்த்தார். அது சிவப்பு விளக்கையே காட்டியது.

"அவசரப்படாதீங்கம்மா. ஒட்டி வெச்சு ஒரு நொடி விடுங்க. அதுவும் மனுஷன் மாதிரிதான், அடிச்சா பேசாது."

பச்சை எரிந்தது. பின்னால் ஏறக் காத்திருந்தவர்களையும் டிரைவரையும் பார்த்து அவன் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டான். டிரைவர் அவனை அடையாளம் கண்டுகொண்டு தலையசைத்தார். எட்டு மாதமாகப் பின்னால் உட்கார்ந்து வந்தவனை அவரும் கவனித்துத்தான் இருந்திருக்கிறார்.

"வலது பக்கம் உக்காருங்க. இந்த நேரத்துக்கு எடது பக்கம் வெயில் அடிக்கும்." இருவரையும் உட்கார வைத்துவிட்டு அவன் உட்காரவில்லை. கம்பியில் தோளைச் சாய்த்து நின்றுகொண்டான். லைப்ரரியில் தபால்காரரை இறக்கிவிட்டு, திரும்பி ஏற வேண்டிய இடம் எதிர்ப்பக்கம், சிக்னலைத் தாண்டி என்று கையால் காட்டினான்.

எங்கே இறங்குவது என்பதை மட்டும் சொல்லாதே, நானே எண்ணுகிறேன் என்று டீச்சரம்மா சொல்லியிருந்தார். விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு ஸ்டாப்பை விட்டு நகர்ந்ததும் சிக்னலுக்காக வண்டி இன்னொரு முறை நின்றது. அதையும் சேர்த்து எண்ணிவிட்டார். கண்டக்டர் கவனித்தான். சொல்லவில்லை. ஸ்டேடியத்துக்கு ஒரு ஸ்டாப் முன்னால் அவர் எழுந்து மணியை அழுத்தினார், முகமெல்லாம் வெற்றி. அவன் மறுபேச்சில்லாமல் கூட இறங்கினான்.

அடுத்த ஸ்டாப்பில் சீனியர் நர்ஸின் தாயார் அரைமணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். எட்டாம் நம்பர் வந்து நின்று, கதவு திறந்து, யாரும் இறங்காமல் போவதைப் பார்த்தார். அவர் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொள்வது தூரத்திலிருந்தே கண்டக்டருக்குத் தெரிந்தது. அவன் கையை உயர்த்தி ஆட்டினான். பிறகுதான் அவர் திரும்பிப் பார்த்தார். குடையும் டப்பாவுமாக டீச்சரம்மா நடைபாதையில் வேகவேகமாக வந்துகொண்டிருந்தார்.

"பஸ் வந்துச்சே, நீங்க எறங்கலியே. ஏறவே இல்லையோன்னு நெனச்சேன்."

"எறங்கினேனே. ஒரு ஸ்டாப் முன்னாடியே எறங்கிட்டேன். ஆசை தாங்கல."

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று பேச ஆரம்பித்தார்கள். தினமும் இரண்டு மணி நேரம் பேசியும் அவர்களுக்குப் பேச்சு மிச்சமிருந்தது. கண்டக்டர் கொஞ்சம் தள்ளி நின்று திரும்பிப் போகும் வண்டி நேரத்தைப் பலகையில் பார்த்தான். அது அவனுக்கு முன்பே தெரியும். இருந்தாலும் பார்த்தான்.

மாலை அக்காவைக் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நடந்ததை வரிசையாகச் சொன்னான். யார் எங்கே நின்றார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். எல்லாம் கேட்டு முடித்தபின், "ராஜினாமா எழுதலாம்னு இருக்கேன் அக்கா," என்றான்.

 வெயிலில் நின்ற ஆறு மணி நேரம் அவளுக்கும் ஞாபகம் வந்திருக்கும், அவனுக்கும் வந்தது.

"பணி எண்ணைத் தப்பில்லாம எழுது," என்றாள் அக்கா. "தேதியை எண்ணுலயும் எழுது, எழுத்துலயும் எழுது. அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவை படிச்சுக் காட்டு."

பதினோரு வருடத்தை நாலு வரியில் எழுத அவனுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. இரண்டாவது வரியில் பேனா நின்றுவிட்டது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீண்டும் எழுதினான். நாளையும் ஐந்து மணிக்கு எழுந்து அதே விரிப்புகளைத்தான் மடிக்கப் போகிறான் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை.

மனைவி வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். "டிக்கெட்டை உறுதி பண்ணிட்டீங்களா?"

"வியாழக்கிழமை ஏழு பேர் வராங்களாம்," என்றான் அவன். "தபால்காரர் அவர் சம்சாரத்தையும் கூட்டிட்டு வரார். மூணு பேர் கடைத்தெருவுக்குப் போகணும்னாங்க. டீச்சரம்மா போன் மேல போன்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைப்பையை மெதுவாக மேசைமேல் வைத்தாள்.  பிறகு, "ஏழு பேருக்கும் சீட் கிடைக்குமா?" என்றாள்.

"பதினொன்னே முக்கால் வண்டி காலியாத்தான் வரும். நீயும் அன்னைக்கு லீவுதானே, வா. எட்டாவது சீட்டு இருக்கு."